போதையில் பயந்தவனும் நாமும்

கஞ்சா ஆகுமா ஆகாதா என்று கேட்டு நம்மிடம் எவரும் வருவதில்லை. அதற்கு விடை மதரஸாப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அதைத் தின்றுவிட்டு, நெஞ்சு படபடக்க, கண்கள் மிரள, "நான் மவுத்தாகப் போகிறேன்" என்று நடுநிசியில் ஒருவன் நம் கடைக் கதவைத் தட்டுவானாகில், அவனுக்கு நாம் செய்ய வேண்டியது யாது? இந்தக் கேள்வி வேறு. இதற்கு விடை தெரியாமல் நாம் ஓர் இரவு முழுவதும் தடுமாறினோம். தடுமாறியதோடு தவறும் செய்தோம். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

நடந்ததைச் சொல்லுவோம், ஊரையும் ஆளையும் சொல்லமாட்டோம். கெடாவின் தென்பகுதியில், பால் மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்ட தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஒரு சிறு பட்டணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷம் 2024. கடையில் வேலை பார்க்கும் பையன் ஒருவன், இராமநாதபுரத்துப் பக்கம், இருபத்தொரு வயது, தொழுகையாளி. வெள்ளிக்கிழமை விடுமுறை. ஜும்ஆ முடிந்ததும் சிநேகிதர்களுடன் புக்கிட் காயு ஹீத்தாம் வழியே எல்லை கடந்து டானோக் போனான். மறுநாள் மாலை திரும்பி வந்தபோது கூட்டத்தில் ஒருவன் சட்டைப்பையில் பிஸ்கோத்துப் பொட்டலம் ஒன்று இருந்திருக்கிறது.

தாய்லாந்து அரசாங்கம் 2022 ஜூன் 9ஆம் தேதி கஞ்சாச் செடியைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டதும், அதற்குப்பின் எல்லைப் பட்டணங்களில் பச்சை இலைப் பலகை மாட்டிய கடைகள் முளைத்ததும், சரக்கு வாங்க ஹாட்யாய் போய்வரும் நம் வர்த்தகர்கள் அனைவரும் கண்ணால் கண்டதே. போதைச் சத்து 0.2 சதவீதத்துக்கு மேற்பட்ட சாறு அங்கும் விலக்குத்தான். ஆயினும் பிஸ்கோத்தைப் பிழிந்து பார்த்தா வாங்குகிறார்கள்? 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கலாகாது என்று அந்த அரசாங்கமே மறுபடியும் கடிவாளம் போட்டது. நம் பையன் போனது கடிவாளம் இல்லாத காலம்.

இரவு ஒன்பது மணிக்குக் கடை மாடியில் ஒரு பிஸ்கோத்துத் தின்றான். ஒன்றும் செய்யவில்லை. சிநேகிதர்கள் சிரித்தார்கள். அரைமணி கழித்து இன்னொன்று தின்றான். பதினொரு மணிக்கு மேல் அது அவனைப் பிடித்தது. முகடு கீழே இறங்குகிறது என்றான். நாக்கு மரக்கட்டையாகிவிட்டது என்றான். ஒரு நிமிஷம் ஒரு மணி நேரமாக நீளுகிறது, விடியவே மாட்டேன் என்கிறது என்று அழுதான். நெஞ்சில் கை வைத்துப் பார்த்தோம். உரல் இடிப்பதுபோல் இடித்தது. கலிமாவைச் சொல்லிச் சொல்லி, "இது ஸக்ராத்துத்தான், உம்மாவுக்குச் சொல்லிவிடுங்கள்" என்றான்.

அப்போது நாம் செய்தவற்றை வரிசையாகச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. முதலில் ஒருவர் ஓடிப்போய் முன்கதவை இழுத்துச் சாத்தினார். அக்கம்பக்கத்தார் பார்த்துவிடக் கூடாதாம். அடுத்தவர், இது யார் யாருக்குத் தெரியும் என்று விசாரித்தார். முதலாளி ஓங்கி ஓர் அறை விட்டார். போலீசுக்கு டெலிபோன் செய்யட்டுமா, பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்து நாளைக்கே ஊருக்கு ஏற்றட்டுமா என்று கத்தினார். வாந்தி எடுக்கட்டும் என்று உப்புத் தண்ணீரை வாயில் ஊற்றப் பார்த்தவரும் உண்டு. ஜின் சேட்டை என்றார் இன்னொருவர். பையன் எங்கள் கைகளை உதறிக்கொண்டு பின்வாசல் வழியாகச் சாலைக்கு ஓடினான். செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் இரவெல்லாம் பறக்கும் சாலை அது. சட்டையைப் பிடித்து இழுத்து வந்தோம். ஒரு முழ தூரம் தவறியிருந்தால், இந்தக் கட்டுரைக்குப் பதிலாக ஜனாஸா அறிவிப்பு ஒன்று இந்தப் பக்கத்தில் வந்திருக்கும்.

அவனை மீட்டவர் கடையின் பண்டாரி. வயது எழுபதை நெருங்குகிறவர். கிதாபு ஓதியவர் அல்லர். விளக்கு ஒன்றை அணைத்தார். எங்களை வெளியே போகச் சொன்னார். பாயில் அவனை உட்காரவைத்து, பக்கத்தில் தாமும் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நீ மவுத்தாகல. ஏறினது இறங்கும். நான் இங்கனயேதான் இருக்கேன்" என்றார். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்தார். ஊரில் உன் தெருவில் முதல் வீடு யாருடையது, அடுத்த வீடு யாருடையது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பையன் திரும்பத் திரும்பப் பயந்தான். அவரும் திரும்பத் திரும்ப அதே வார்த்தையைச் சொன்னார். மூன்று மணிக்குமேல் தூங்கினான்.

மறுநாள் கடையில் தர்க்கம் எழுந்தது. ஹாஜியார் ஒருவர் தம் அபிப்பிராயத்தைச் சொன்னார்: "பயந்தால் பயப்படட்டுமே! ஹராமைத் தின்றவனுக்கு அந்தப் பயமே சரியான தண்டனை. இதமாகக் கையைப் பிடித்து ஆற்றிவிட்டால், அடுத்த வெள்ளிக்கிழமையும் போவான். போதையில் ஏற்படும் துன்பத்தை நாம் குறைத்தால், போதைக்கே நாம் துணை போனவர்கள் ஆகமாட்டோமா?"

இது அலட்சியம் செய்யத்தக்க வாதமன்று. நம்மில் பாதிப் பேர் மனத்தில் உள்ளதை அவர் வாய்விட்டுச் சொன்னார். ஆகவே நிதானமாகப் பார்க்க வேண்டும்.

அவன் பயந்தானே, எதற்குப் பயந்தான்? அல்லாஹ்வுக்கா? கலிமா அவன் வாயில் இருந்ததால் அப்படித் தோன்றலாம். ஆனால் முகடு இறங்குகிறது என்று பயந்தவன் முகட்டுக்கும்தான் பயந்தான். தவ்பாவுக்கு மூன்று வேண்டும் என்று நம் உலமாக்கள் சொல்லுகிறார்கள்: செய்ததை விடுவது, வருந்துவது, இனிச் செய்யேன் என்று உறுதி கொள்வது. மூன்றுக்கும் புத்தி வேண்டும். புத்தியோ அந்த நேரத்தில் அவனிடம் இல்லை. அந்த மிரட்சியைத் தண்டனை என்று நாம் பெயர் சூட்டலாம். அதனால் பாடம் ஏறும் என்று எண்ணுவது வெள்ளம் போகும்போது விதை விதைப்பதற்கு ஒப்பாகும்.

இந்த மிரட்சி புதிய விஷயமும் அன்று. ஹிஜ்ரி 684இல் (கி.பி. 1285) எகிப்தில் மறைந்த மாலிகி மத்ஹபின் பேரறிஞர் ஷிஹாபுத்தீன் அல்கராஃபீ அவர்கள், தம் 'அல்ஃபுரூக்' நூலில் மதுவையும் கஞ்சாவையும் ஒப்பிட்டு ஆராய்கிறார். மது குடித்தவனுக்குக் களிப்பும் துணிச்சலும் வருகின்றன. கஞ்சாவோ அவரவர் உடம்பில் ஏற்கனவே உள்ள குணத்தைக் கிளறிவிடுகிறது. ஆகவே ஒருவன் சிரிக்கிறான், ஒருவன் ஊமையாகிறான், ஒருவன் அழுது பயப்படுகிறான் என்பது அவர் கண்ட வேறுபாடு. இதைக் கொண்டு, கஞ்சா 'போதை தருவது' என்ற இனமா, 'புத்தியைக் கெடுப்பது' என்ற இனமா என்று அறிஞர்கள் வழக்காடினர். ஹிஜ்ரி 794இல் மறைந்த ஷாஃபிஈ அறிஞர் பத்ருத்தீன் ஸர்கஷீ அவர்கள் கஞ்சாவின் விலக்கைப் பற்றியே தனி நூல் எழுதினார். தண்டனை எவ்வளவு, அது உடையில் பட்டால் நஜீஸா என்பவற்றில் கருத்து வேற்றுமை உண்டு. ஆகாது என்பதில் இல்லை. நமக்கு இங்கே வேண்டுவது அந்த ஒரு செய்தி: ஒரே பொட்டலத்தைத் தின்ற நான்கு பேரில் மூவர் சிரித்துக்கொண்டிருக்க, ஒருவன் சாவைக் காண்பது எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே அறியப்பட்ட விஷயம். அந்த ஒருவன் மற்ற மூவரைவிடப் பாவி அல்லன். அளவும், உடல்வாகும், மனநிலையும், இருக்கும் இடமும் அவனுக்கு அப்படி வாய்த்தன.

'ஸக்ராத்' என்று அவன் சொன்னதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மரண வேதனையைக் குறிக்கும் அச்சொல்லும் போதையைக் குறிக்கும் அறபுச் சொல்லும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. இறுதி நாளின் திடுக்கத்தில் மக்கள் போதையேறியவர்போல் தோன்றுவர், ஆனால் அது போதையன்று என்று திருமறையின் ஸூரத்துல் ஹஜ் கூறுகிறது. இங்கே அது தலைகீழாக நின்றது. போதையேறியவனுக்கு அது இறுதி நாளாகத் தோன்றிற்று. (இந்த இடத்தில் சிலர், பக்கீர்மார் புகைக்கவில்லையா, மஸ்தான் என்றாலே போதை கொண்டவர்தானே என்பார்கள். தொண்டிக்கு அருகே 1792இல் பிறந்த குணங்குடியாருக்கு அந்தப் பட்டம் வந்தது இறைக்காதலால். கஞ்சாக் குடுக்கையை வைத்துக்கொண்டு அவர் பெயரைச் சொல்லுகிறவர்கள் அவர் படித்துறையில் கால்கூட நனைக்காதவர்கள்.)

இனி ஹாஜியாரின் வாதத்துக்கு நபி வழியில் என்ன விடை? ஸஹீஹுல் புகாரியில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. குடித்த ஒருவர் நாயகம் (ஸல்) அவர்கள் முன் கொண்டுவரப்பட்டார். அவரை அடிக்குமாறு அண்ணலார் ஏவினார்கள். கையாலும் செருப்பாலும் துணியாலும் அடித்தார்கள். அடி முடிந்து அவர் திரும்பியபோது கூட்டத்தில் சிலர், அல்லாஹ் உன்னை இழிவுபடுத்தட்டும் என்று ஏசினர். அதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துவிட்டார்கள். அவருக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவி செய்யாதீர்கள் என்று சொன்னார்கள். கவனியுங்கள். தண்டனை நிறுத்தப்படவில்லை, சட்டம் சட்டமாகவே நின்றது. தடுக்கப்பட்டது ஏச்சு. நாம் அன்றிரவு செய்ததோ நேர்மாறு. தண்டனை கொடுக்க நமக்கு அதிகாரம் இல்லை, ஏச்சுக்கோ குறைவில்லை. அந்தப் பையன் சாலைக்கு ஓடியபோது ஷைத்தானுக்கு ஆள் பலம் கொடுத்தவர்கள் நாம்.

இன்னும் ஒன்று நம் நெஞ்சை உறுத்துகிறது. ஷரீஅத் காக்க வந்தவை ஐந்து என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் எண்ணிக் காட்டினார்கள்: மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, பொருள். பொருள் கடைசி. முன்கதவைச் சாத்த ஓடிய கால் எந்தக் கணக்கைப் பார்த்து ஓடிற்று? லைசென்ஸ், பெயர், வாடிக்கை. வியாபாரிக்கு அது இயற்கை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் உயிர் போகும் என்று ஒருவன் கதறும்போது, கல்லாப்பெட்டியின் பக்கம் முதலில் திரும்பிய தலை நம்முடையது.

பொருளைக் காப்பதற்கும் காரணம் இல்லாமல் இல்லை. இந்நாட்டுச் சட்டம் கடுமையானது. 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின்படி 200 கிராம் கஞ்சா கையில் இருந்தால் அது கடத்தல் என்றே அனுமானிக்கப்படும். கடத்தலுக்குக் கட்டாயத் தூக்கு என்றிருந்தது 2023இல் நீக்கப்பட்டது. தூக்கு நீக்கப்படவில்லை, அதுவா ஆயுள் சிறையா என்பது நீதிபதி கையில். உட்கொண்டதற்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 2 ஆண்டு வரை சிறை. எல்லைக்கு அப்பால் தின்றதும் இப்பால் சிறுநீர்ப் பரிசோதனையில் தெரியும். வேலை பெர்மிட்டில் வந்தவனுக்கு இது வாழ்க்கையே போகும் விஷயம். ஆகவே பொட்டலம் கொண்டு வருகிறவனையும் விற்கிறவனையும் மறைத்து வைப்பது கருணை ஆகாது. ஒரு முஸ்லிமின் குறையை மூடுவோரின் குறையை அல்லாஹ் மூடுவான் என்ற வாக்கு தவறி விழுந்தவனுக்கு. பிறரைத் தள்ளிவிடுகிறவனுக்கு அன்று. ஆனால் இந்த விசாரணை எல்லாம் விடிந்தபின் செய்ய வேண்டியது.

விடியுமுன் செய்ய வேண்டியதைப் பண்டாரி செய்தார். பின்னர் நமக்குத் தெரிந்த வைத்தியர் ஒருவரிடம் விசாரித்தபோது, அவர் செய்ததே சரி என்றார். புகைத்தால் சில நிமிஷங்களில் ஏறி, இரண்டு மூன்று மணி நேரத்தில் பெரும்பாலும் இறங்கிவிடும். தின்றாலோ குடலிலும் ஈரலிலும் புகுந்து வருவதால் ஏற ஒரு மணி, இரண்டு மணி ஆகும். ஈரலில் அது இன்னும் வீரியமான சரக்காக மாறுகிறது. இறங்க ஆறு மணியோ, அதற்கு மேலோ ஆகலாம். ஒன்றும் செய்யவில்லையே என்று இரண்டாவதைத் தின்பவர்கள் இப்படித்தான் அகப்படுகிறார்கள். அபினி வகைகள் மூளையில் மூச்சை நடத்தும் பகுதியை அடக்கிக் கொல்லும்; கஞ்சாவுக்கு அந்தப் பகுதியில் பிடி குறைவு. ஆகவே, "நீ சாகமாட்டாய், இறங்கிவிடும்" என்பது பெரும்பாலும் உண்மையான ஆறுதல். பொய்த் தைரியம் அன்று. மாற்று மருந்து கிடையாது. புளித் தண்ணீர், மோர், எலுமிச்சை என்று நம் பெண்டிர் சொல்லுவனவற்றில் தெளிவாக விழித்திருப்பவனுக்குக் கெடுதல் இல்லை, மருந்து என்று நம்பி இருந்துவிடக் கூடாது. வாந்திக்கு உப்புத் தண்ணீர் ஊற்றுவது ஆபத்து; மயக்கத்தில் மூச்சுக் குழலில் போய்விடும். கறுப்புக் காப்பி நெஞ்சுத் துடிப்பைக் கூட்டும். வீட்டில் கிடக்கும் தூக்க மாத்திரையைக் கொடுக்கலாகாது. மங்கிய வெளிச்சம், சிறிது சிறிதாகத் தண்ணீர், கூட ஓர் ஆள். தூங்கினால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, மூச்சைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஆனால் நெஞ்சுவலி, வலிப்பு, எழுப்பினால் எழாத மயக்கம், மூச்சுத் திணறல், தன்னையோ பிறரையோ தாக்க முனைதல், இவற்றில் ஒன்று கண்டாலும் தாமதம் கூடாது. தின்றது சிறு பிள்ளை என்றாலோ, உள்ளே போனது இன்னதென்று தெரியாத வேப் நீர் என்றாலோ காத்திருக்கவே கூடாது. அந்த நீர்களில் கலக்கும் செயற்கைச் சரக்கு கஞ்சாவைவிடக் கொடியது. கூலிமிலும் சுங்கைப்பட்டாணியிலும் அலோர் ஸ்டாரிலும் பெரிய அரசாங்க மருத்துவமனைகள் இருக்கின்றன. பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து 1994 முதல் நடக்கும் தேசிய நச்சு மையம் டெலிபோனில் ஆலோசனை சொல்லுகிறது. போலீசுக்குப் பயந்து மருத்துவமனைக்குப் போகாதிருப்பது, கடைசியில் வைக்க வேண்டியதை முதலில் வைக்கிற அதே கணக்குத்தான். ஒரு நாள் கழிந்தும் காதில் குரல் கேட்கிறது, எல்லோரும் சதி செய்கிறார்கள் என்றால், தஞ்சோங் ரம்புத்தான் என்று கேலி பேசாமல் மனநல வைத்தியரிடம் கூட்டிப் போக வேண்டும். குடும்பத்தில் சித்தப்பிரமை உள்ளவர்க்குக் கஞ்சா அதைத் தட்டி எழுப்பக் கூடும்.

பையன் அன்றிரவு உளூச் செய்யவேண்டும், தொழவேண்டும் என்று நான்கைந்து முறை எழுந்தான். பண்டாரி விடவில்லை. தொழ விடாதது சரியா என்று பிறகு ஆலிம் ஒருவரிடம் கேட்டோம். சொல்லுவது இன்னதென்று தானே அறியும்வரை போதையில் தொழுகையை நெருங்க வேண்டாம் என்பது திருமறையின் கட்டளை. விலகியதும் தப்பியதைக் கழாச் செய்ய வேண்டும். அதற்கு மன்னிப்பு இல்லை, ஏனெனில் போதை அவன் தேடிக்கொண்டது என்றார். இஷாவையும் ஸுபுஹையும் அவன் ஞாயிறு ளுஹருக்கு முன் கழாச் செய்தான். தலை இன்னும் கனத்திருந்தது.

நம் பழைய தலைமுறைக்குக் கள் தெரியும். தோட்டத்துக்குத் தோட்டம் கள்ளுக்கடையை நிர்வாகமே நடத்திய காலம் இருந்தது. 1947இல் பீடோங் வட்டாரத்தில் தொண்டர் படை இளைஞர்கள் அந்தக் கடைகளை மறித்துப் போலீசாருடன் மோதல்வரை போனார்கள். அவர்கள் கடையை மறித்ததில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. குடித்து விழுந்தவனை ஏசுவது சுலபம். விற்கும் இடத்தைக் கேட்பது கஷ்டம். நம் கடைகளில் சிலவற்றில் சுருட்டுத் தாள் கல்லாவுக்குப் பக்கத்திலேயே தொங்குகிறது. நாட்டுப் புகையிலை சுற்றுகிற கிழவர்கள் எத்தனை பேர் மிச்சம்? அதை இன்று யார் வாங்குகிறார்கள் என்று நமக்குத் தெரியும். மூன்று ரிங்கிட் வியாபாரம். அடுத்த சங்கக் கூட்டத்தில் இதைப் பேசலாம் என்றால் முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள். சுளிக்கட்டும்.

பையனை ஊருக்கு அனுப்பவில்லை. பொட்டலம் கொண்டுவந்தவன் இனிக் கடைப்படி ஏறக் கூடாது என்றாகி, அவன் தகப்பனாருக்கும் சொல்லப்பட்டது. அனுப்பியிருக்க வேண்டும் என்று ஹாஜியார் இன்றைக்கும் சொல்லுகிறார். அவர் சொல்லுவது தவறாகவே இருக்கும் என்று அடித்துச் சொல்ல நமக்கும் துணிவில்லை. பையன் நன்றாகத்தான் இருக்கிறான். நாளைக்கு என்ன என்பது அல்லாஹ் அறிந்தது.

இவ்வளவு பக்குவம் எங்கே கற்றீர் என்று பண்டாரியைக் கேட்டோம். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. வாலிபத்தில் பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியபோது ஒரு தடவை தமக்கும் அப்படி ஆயிற்று என்றார். அப்போது உம்முடன் யார் இருந்தார்கள் என்றோம். "யாரும் இல்ல" என்றார்.

அறை விட்ட முதலாளிதாம் இதை எழுதச் சொன்னார். பெயர் வேண்டாம் என்றார். பையனிடம் அவர் இன்னும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேச வேண்டும் என்று நாம் இரண்டு முறை சொல்லியாயிற்று.